மூன்றாவது படி

வேல்ஸில், எங்கள் தைவி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாய் கைமாறும் இடம் மூடிக் கிடக்கும் பால் தொழிற்சாலையின் பின்முற்றம். சந்தைக்கோ சபைக்கோயிலுக்கோ போகிற வழியில் அது இல்லை. அதனாலேயே அது வழக்கமாயிற்று. விற்பதற்காக நாய்க்குட்டிகளைப் பெருக்கும் பண்ணைக்காரன் தன் வண்டியைச் சுவரோரமாக நிறுத்துவான். நாய் மீட்புக் குழுவிலிருந்து வருபவர் தம் வண்டியை அதற்கு முதுகு காட்டி நிறுத்துவார். கூண்டு இங்கிருந்து அங்கே போகும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை கூண்டு வராது. பண்ணைக்குப் பின்னாலுள்ள பள்ளத்திலிருந்து துப்பாக்கிச் சத்தம் மட்டும் வரும். குட்டி போட்டு ஓய்ந்த நாய்க்கு இந்த இரண்டு வழிகளே உண்டு என்பதை ஊரில் எல்லோரும் அறிவர். ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடவும் செய்வர்.

மழை விடாமல் பெய்த ஓர் இலையுதிர்காலக் காலையில் பண்ணைக்காரன் டில்வின் தன் வண்டியின் பின்கதவைத் திறந்தான். மீட்புக் குழுவின் ஹெய்ல்வென் தலைமுக்காட்டை இறுக்கிக்கொண்டு கூண்டின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"தூக்கு, தூக்கு. கடிக்காது. கடிக்கிறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணுமில்ல?" என்றான் டில்வின்.

"காலைல எதாச்சும் தின்னுச்சா?"

"கேள்வி கேக்குற பாத்தியா."

"சோத்தப் பத்தித்தானய்யா கேட்டேன்."

"இப்பிடித்தான் ஆரம்பிப்பீங்க. சோத்துல ஆரம்பிச்சுக் கோர்ட்டுல முடிப்பீங்க." அவன் சிரித்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. பனியில் சிக்கிய எவருடைய வண்டியையும் தன் டிராக்டரால் இழுத்துக் கொடுப்பவன். "உங்க வாத்தியார் எப்பிடி இருக்கார்?"

"இருக்கார்."

"பென்ஷன் குடுத்து அனுப்பிச்சிராதீங்க. எங்க பண்ணையில இன்னும் நெறையப் புள்ளைங்க படிக்கக் காத்திருக்கு."

வாத்தியார் என்று அவன் சொன்னது கட்னோவை. கட்னோ என்றால் எங்கள் மொழியில் நரி. நரியின் செம்மை நிறத்தில் பிறந்த, நீளக் காது தொங்கும் காக்கர் ஸ்பானியல் இன நாய் அது. ஹெய்ல்வென்னின் கணவன் எம்ரிஸ் வேலி கட்டும் தொழிலாளி. இளமையில் கட்னோ வேட்டைக்காரர்களுக்காகப் புதருக்குள் புகுந்து பறவை கிளப்பியது. மற்ற நாட்களில் எம்ரிஸின் வண்டியில் முன்னிருக்கையில் அமர்ந்து வேலி வேலைக்குப் போனது. எம்ரிஸ் அதிகம் பேசாதவன். பேசிய கொஞ்சத்தில் பெரும்பகுதியையும் கட்னோவிடமே பேசியிருப்பான்.

பண்ணையிலிருந்து வரும் தாய்நாய்களுக்கு ஒன்றும் தெரியாது. புல் தெரியாது, வாசற்படி தெரியாது, தட்டு தெரியாது, கதவு என்பது திறப்பதற்கும் உண்டு என்பது தெரியாது. மனிதக் கை என்றால் குட்டியை எடுத்துக்கொண்டு போகும் கை என்பது மட்டும் தெரியும். ஆகையால் மனிதர் கற்றுக்கொடுத்து அவை எதையும் கற்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே வாழும் நாய் ஒன்று வேண்டும். அது வாசலைத் தாண்டினால் இது தாண்டும். அது தின்றால் இது தின்னும். ஹெய்ல்வென்னின் வேலையெல்லாம் சமைப்பதும் துவைப்பதும் கழுவுவதும்தான். கற்பித்தது கட்னோ. அதன் பின்னால் நடந்து பழகிய ஸ்பானியல்கள் இன்று வேல்ஸ் முழுவதும் சோபாக்களில் உறங்குகின்றன.

ஹெய்ல்வென் புதிதாக வந்ததற்குத் தெலின் என்று பெயரிட்டாள். தங்க நிறம் என்று ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். காதுமயிர் சாணமும் மூத்திரமும் ஏறிக் கம்பளிக் கட்டியாகிக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கத்தரிக்கோலை உள்ளே விட வழியில்லை. அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ஆட்டுமயிர் வெட்டும் கருவியால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக அரிந்தெடுத்தாள். அடியில் தோல் பச்சைப் புண்ணாக இருந்தது. தெலின் நடுங்கவும் இல்லை. சிறிது தள்ளிக் கணப்பருகே படுத்திருந்த கட்னோவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கட்னோ எழ முயன்றது அப்போதுதான். முன்கால்கள் எழுந்தன; பின்கால்கள் வரவில்லை. இடது பின்காலை ஒருபுறமாக நீட்டி வைத்துக்கொண்டு, தவறு தன்னுடையதே என்பதுபோல் எம்ரிஸை நோக்கி வாலை ஆட்டியது.

மறுநாள் கால்நடை மருத்துவர் பெத்தன் வந்தாள். கட்னோவின் இடுப்பை அழுத்திப் பார்த்தாள். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு கை கழுவினாள்.

"இடுப்பு மூட்டு ரெண்டும் போயிருச்சு. இடது பக்கம் ரொம்ப மோசம். முதுகெலும்புலயும் இருக்கு. காதுப் புண்ணு தனி, அது மூளை வரைக்கும் குத்தும்."

"மாத்திரையைக் கூட்டிக் குடுக்கலாமா டாக்டரம்மா?" என்றாள் ஹெய்ல்வென்.

"குடுக்கலாம். உங்க மனசு ஆறும். அவன் வலி ஆறாது."

"அப்ப எப்பன்னு சொல்றீங்க?" என்று கேட்டான் எம்ரிஸ்.

"என்னைக் கேட்டா இன்னிக்கே. ஊசி வண்டியில இருக்கு."

எம்ரிஸ் தொப்பியைக் கழற்றினான். ஹெய்ல்வென் முந்திக்கொண்டு, சொல்லியனுப்புகிறோம் என்றாள். பெத்தனின் வண்டி சந்துமுனை திரும்பியது. அடுப்பில் கவுல் என்னும் எங்கள் ஊர்க் கறிச்சாறு கொதித்தது. ஆட்டுக்கழுத்தும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருக்க, ஹெய்ல்வென் லீக் தண்டுகளை நறுக்கத் தொடங்கினாள்.

"டாக்டர் சொன்னதக் கேட்டேல்ல?" என்றான் எம்ரிஸ்.

"கேட்டேன்."

"கேட்டுட்டுக் காய் நறுக்குற."

"நறுக்கலேன்னா ராத்திரிக்கு வேலிக்கட்டையத் திம்பியா?"

"அவன் என் நாய், ஹெய்ல்வென்."

"உன் நாய்தான். யாரு இல்லேன்னது? ஆனா இவ அவன் தின்னாத்தான் திங்கிறா. அவன் வெளிய போனாத்தான் போறா. இன்னிக்கு அவன அனுப்பிட்டன்னா நாளைக்கு இவ அந்த அலமாரிக்கு அடியில போயிப் படுப்பா. போன வருசம் கருப்பி படுத்தாளே, ஞாபகம் இருக்கா? கடப்பாரைய எடுக்கிறதுதான் எடுக்குற, ரெண்டு குழியாத் தோண்டிரு."

கருப்பியை அவன் மறக்கவில்லை. கட்னோவுக்குத் தொற்று வந்து மருத்துவமனையில் கிடந்த சமயம் வந்த நாய் அது. அலமாரிக்கடியில் புகுந்தது; சுவரைப் பார்த்தபடி பட்டினி கிடந்து செத்தது. அதை இழுத்தெடுத்தவன் அவன்தான்.

"நாக்கா அது?" என்றான்.

"நாக்குதான். உனக்கு இல்லாததால நான் ரெண்டு பேருக்கும் சேத்து வச்சிருக்கேன்."

"எத்தன நாளைக்கு?"

"அவளுக்கு ஒரு வீடு அமையிற வரைக்கும்."

எம்ரிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். வண்டிச்சாவியின் ஒலி கேட்டதும் கட்னோ எழுந்தது. இம்முறை எழுந்தேவிட்டது.

"அவன விட்டுட்டுப் போ. இப்ப அவளுக்குப் பாட நேரம்," என்றாள் ஹெய்ல்வென், கத்தியிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஹெய்ல்வென்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதினால் அது பொய்யாகும். குளிர் இறங்கிய அந்த மாதங்களில் அவள் கட்டிலில் உறங்கவில்லை. அடுப்படித் தரையில், இரண்டு நாய்களுக்கும் நடுவில் படுத்தாள். கோழியும் அரிசியும் வேகவைத்தாள். நாய்க்காது தட்டில் தோயாதிருக்கக் கம்பளி நூலில் குழாய்த்தொப்பி பின்னி, கட்னோவுக்கு முதலில் மாட்டிக் காட்டி, பிறகு தெலினுக்கு மாட்டினாள். கைகள் சோப்புநீரில் ஊறி வெடித்தன. பலன் இருந்தது. தெலின் தட்டில் தின்றது. புல்லில் நின்றது. ஒருநாள் உறைபனி மூடிய முற்றத்தில் கட்னோவின் பின்னால் வட்டமிட்டு ஓடவும் பார்த்தது. கட்னோதான் ஓடவில்லை.

கணப்பின் முன்னால் இரண்டும் ஒன்றுபோலவே படுத்தன. ஒரு சாயங்காலம் எம்ரிஸ் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"இவளும் இடது கால நீட்டி வச்சுப் படுக்கிறா பாரு."

"பாத்துப் பாத்துக் கத்துக்கிறா. அதுதான நமக்கு வேணும்," என்றாள் ஹெய்ல்வென், மனநிறைவோடு.

சனிக்கிழமைகளில் காது துடைப்பாள். கட்னோதான் எப்போதும் முதல். பிறந்ததிலிருந்து காது துடைக்கையில் அவள் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிடும் நாய் அது. அந்தச் சனிக்கிழமை அவள் காதுமடலைத் தூக்கியதும் உறுமியது. "டேய், நான்தாண்டா," என்றாள். பஞ்சு உள்ளே போயிற்று. கட்னோ அவள் கட்டைவிரலின் அடிச்சதையைக் கடித்தது. கடித்தபின் தானே திகைத்து, இரத்தத்தை நக்கத் தொடங்கியது.

ஹெய்ல்வென் தட்டு துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டாள். அடுத்துத் தெலினை அழைத்தாள். தெலின் வரவில்லை, அவள் கையைப் பார்த்தது, கட்னோவைப் பார்த்தது. சரி, இன்றைக்கு வேண்டாம் என்று பஞ்சை எறிந்துவிட்டாள்.

கார்டிஃபிலிருந்து ரோசலிண்ட் என்ற பெண்மணி நாய் கேட்டு எழுதியது குளிர்காலத்தின் நடுவில். பள்ளியில் பியானோ கற்பித்து ஓய்வு பெற்றவள். வீட்டில் வேறு நாய் இல்லை. மற்ற ஊர்களின் குழுக்கள் அதனாலேயே அவளை மறுத்திருந்தன. தெலின் இப்போது வேறு நாய் இல்லாமலும் வாழும் என்று ஹெய்ல்வென் உறுதி சொன்னாள். ஒன்றுதான் பாக்கி. ரோசலிண்டின் படுக்கையறை மாடியில் இருந்தது. நாய் தன் அறையில்தான் உறங்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். தெலினுக்கு மாடிப்படி தெரியாது. கட்னோவுக்குத் தெரியும்.

எம்ரிஸ் முற்றத்தில் வேலிக்கட்டைகளின் முனையைக் கோடரியால் சீவிக்கொண்டிருந்தான். உள்ளே மாடிப்படியின் கீழே ஹெய்ல்வென் வேகவைத்த ஈரல் துண்டுகளோடு நின்றாள். ஒரு துண்டை மூன்றாவது படியில் வைத்தாள்.

"ஏறு கட்னோ. ஏறுடா ராசா."

கட்னோ ஏறியது. முதற்படி, இரண்டாவது படி. மூன்றாவது படியில் இடது பின்கால் மடங்கிற்று. அது எழுப்பிய ஒலி முற்றம்வரை கேட்டது. கோடரி நின்றது. தெலின் கீழே அமர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்னோ அந்தப் படியிலேயே காலைத் தூக்கியபடி சற்று நின்று, முனகி, ஈரலைத் தின்றது. தெலின் முன்காலை முதற்படியில் வைத்தது.

ஹெய்ல்வென்னின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவள் கட்னோவைக் கீழே தூக்கி வைத்தாள்.

"இன்னொரு தடவ," என்றாள்.

எம்ரிஸ் வாசலில் வந்து நின்றான். கையில் கோடரி இருந்தது.

"ஹெய்ல்வென்."

"ஏறப் பாக்குறா எம்ரிஸ். இப்ப நிறுத்துனா இத்தன நாள் அவன் பட்டதெல்லாம் வீணு."

அவன் திரும்பிப் போனான். கோடரி மறுபடி விழத் தொடங்கியது; முன்னைவிட வேகமாக, உள்ளிருந்து வரும் ஒலியை மூடும் அளவுக்கு.

ரோசலிண்ட் வந்த அன்று தெலின் எல்லாவற்றையும் செய்து காட்டியது. வாசலைத் தாண்டியது, தட்டில் தின்றது, மாடி ஏறியது. மூன்றாவது படியில் ஒரு கணம் நின்றது.

"யோசிச்சு யோசிச்சுத்தான் ஏறுறா, என்ன மாதிரியே," என்று ரோசலிண்ட் சிரித்தாள். "நீங்க செஞ்சிருக்கிறது பெரிய காரியம்ங்க. கையெடுத்துக் கும்பிடணும் உங்கள."

"நான் ஒண்ணும் பண்ணல. அந்தா படுத்திருக்கானே, அவன்தான்," என்றாள் ஹெய்ல்வென்.

தெலினை ஏற்றிக்கொண்டு ரோசலிண்டின் கார் போன அன்று மதியமே எம்ரிஸ் பெத்தனை வரச் சொன்னான். கட்னோவைத் தூக்கித் தன் வண்டியின் முன்னிருக்கையில் கிடத்தினான். அங்கேதான் ஊசி போட வேண்டும் என்றான். ஹெய்ல்வென் போர்வையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தாள். அவன் வண்டிக்கதவைச் சாத்தினான்.

"நீ உள்ள போ. உனக்கு ஆக வேண்டியது ஆயிருச்சு."

"பதிமூணு வருசம் நானும்தான் சோறு போட்டேன்."

"ஈரலும் போட்ட," என்றான்.

அவள் போர்வையோடு முற்றத்தில் நின்றாள். கண்ணாடியில் பனி படர்ந்திருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மண் கல்லாக உறைந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் பிறர் நிலத்தில் குழி தோண்டியவன் தன் நிலத்தில் கடப்பாரையால் அன்று இருட்டும்வரை தோண்டினான்.

பனி உருகத் தொடங்கிய சமயம் ரோசலிண்டின் கார் திரும்ப வந்தது. அவள் வலக்கையில் கட்டுப் போட்டிருந்தது. பியானோக்காரியின் கை.

"காது துடைக்கப் போனேன். அவ்வளவுதான்," என்றாள் அவள், காரிலிருந்து இறங்காமலே. "அதக்கூட மன்னிச்சிருவேன். நோய மறைச்சு நாயக் குடுத்தீங்களே, அதத்தான் தாங்க முடியல."

"நோயா? அவளுக்கு நோய் ஒண்ணும் இல்லையேங்க," என்றாள் ஹெய்ல்வென்.

"அப்ப ஏன் நொண்டுறா? எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒரு டாக்டருக்கு ரெண்டு டாக்டர்கிட்ட காட்டியாச்சு. எலும்புல ஒண்ணும் இல்ல, நரம்புல ஒண்ணும் இல்லங்கிறாங்க. ஒண்ணும் இல்லாத கால் நொண்டுமா? தெனமும் மாடியில மூணாவது படியில நின்னு முனகுறா. கேக்கச் சகிக்கல. உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கணும். தெரியாதுன்னு சொல்லுங்க பாப்போம்."

ஹெய்ல்வென்னிடம் நாக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது. அன்றைக்கு ஒருவருக்கும் உதவவில்லை.

எம்ரிஸ் கொட்டகைக்குள் கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தான். கார்க்கதவு திறந்த ஒலி கேட்டது. பிறகு முற்றத்துக் கற்பலகைகளில் நகம் உரசும் ஒலி கேட்டது. மூன்று கால் ஊன்றி, நான்காவது காலின் நகம் மட்டும் கல்லில் கீறிக்கொண்டு வருகிற ஒலி; கட்னோ நடந்த ஒலி. அவன் கம்பியை அப்படியே விட்டான். சுருள் விசையோடு எழுந்து அவன் முழங்கையைக் கிழித்தது. ஓடி வந்தான். முகத்தில் இருந்தது மகிழ்ச்சி. அதை ஹெய்ல்வென் பார்த்தாள். அது வடிவதையும் பார்த்தாள்.

தெலின் அவனைக் கண்டு வாலை ஆட்டியது. இடது பின்காலை ஒருபுறமாக நீட்டி உட்கார்ந்தது.

கார் போய்விட்டது. ஹெய்ல்வென் நாயைப் பார்க்காமல் சொன்னாள்:

"கடிச்ச நாய மறுபடி யாருக்கும் குடுக்க முடியாது. குழுவோட விதி. பெத்தனக் கூப்பிடுறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அவ வாழ்க்கைய நெனச்சுப் பாரு. தெனமும் இல்லாத வலிய..."

"எலும்பு போன நாய நிக்க வச்ச. எலும்பு நல்லா இருக்கிற நாயக் கொல்லணும்ங்கிற. உன் கணக்கு எனக்குப் புரியவே மாட்டேங்குது."

"என்னால அதப் பாக்க முடியாது எம்ரிஸ். அந்தச் சத்தத்தக் கேக்க முடியாது."

"கேப்ப," என்றான் அவன், அமைதியாக. "அவ இங்கதான் இருப்பா. தெனம் காலைல மாடி ஏறட்டும். நீ கீழ நின்னு கேளு."

அவன் வாழ்நாளில் அவளிடம் தொடர்ச்சியாகப் பேசிய நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சொன்னதைச் செய்தான். தெலின் தங்கிற்று. காலையில் அவன் மாடியிலிருந்து சாவியை ஆட்டுவான், அது ஏறும், மூன்றாவது படியில் நிற்கும். அடுப்படியில் ஹெய்ல்வென் குழாயை முழுதாகத் திறந்துவிடுவாள். தண்ணீரின் இரைச்சலுக்கு அந்த முனகல் அடங்கவில்லை.

தைவி பெருகிப் பால் தொழிற்சாலை முற்றத்தில் வெள்ளம் நின்றபடியால், டில்வின் வழக்கத்தை மீறி வீட்டு வாசலுக்கே வந்தான். பின்கதவைத் திறந்தான். கூண்டுக்குள் வெள்ளையும் கருப்புமாக ஒரு ஸ்பானியல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

"வாத்தியார் போயிட்டாராமே. கேள்விப்பட்டேன். நல்ல நாய்," என்று தொப்பியைத் தொட்டுக்கொண்டான்.

"இப்ப எடுக்க முடியாது டில்வின்," என்றாள் ஹெய்ல்வென். "வீட்ல சொல்லிக் குடுக்க நாய் இல்ல."

"அதுக்கென்ன. வற்புறுத்தல. திருப்பிக் கொண்டுட்டுப் போறேன்."

"கொண்டுட்டுப் போயி?"

"கேள்வி கேக்குற பாத்தியா."

அவன் கதவைச் சாத்தப் போனான். எம்ரிஸ் கொட்டகை வாசலிலிருந்து நடந்து வந்தான். மனைவியின் முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தான்.

"நாய் இல்லேன்னு யாரு சொன்னா?" என்றான். "வாத்தியாரம்மா இருக்கா. இறக்கு டில்வின்."

"எம்ரிஸ், வேண்டாம்," என்றாள் ஹெய்ல்வென்.

"அப்ப அவன்கிட்ட நீயே சொல்லு, கொண்டுட்டுப் போயிச் சுடச் சொல்லு."

மழை இல்லை. ஆற்றின் இரைச்சல் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. டில்வின் ஒரு கையைக் கதவின்மேல் வைத்தபடி, மற்றவர் குடும்பச் சண்டையில் தலையிடாதவனுக்குரிய மரியாதையோடு வானத்தைப் பார்த்தான். ஹெய்ல்வென் கூண்டின் ஒரு முனையைப் பிடித்தாள்.

கற்பலகைமேல் கூண்டு இறங்கியது. எம்ரிஸ் அதன் கதவைத் திறந்தான். உள்ளிருந்தது வெளியே வரவில்லை. சத்தம் கேட்டுத் தெலின் அடுப்படியிலிருந்து புறப்பட்டது, வாசற்படியைத் தாண்டியது, நகம் கீற, மூன்று காலில் முற்றத்தைக் கடந்து வந்து கூண்டின் முன்னால் நின்றது.

புதிது மனிதர் யாரையும் பார்க்கவில்லை. கழுத்தை மெதுவாக நீட்டித் தெலினைப் பார்த்தது, அதன் தூக்கிய காலைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே எழுந்தது.

ஹெய்ல்வென் ஈரல் வேகவைக்க உள்ளே போனாள்.